கம்பெனி ஸ்பான்சர் செய்யும் வேலை விசா: பணம் கட்டுவதற்கு முன் படிக்க

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்து அத்தை மகன் போன் செய்தான். கே.ஆர்.புரத்தில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறவன், நாலு வருஷ அனுபவம், ஜாவா. "அக்கா, லண்டன் கம்பெனி ஒண்ணு எனக்கு விசா ஸ்பான்சர் பண்றாங்களாம். சர்டிபிகேட் எடுக்க மூணு லட்சம் கட்டணுமாம், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டினா சீட் கன்ஃபர்மாம். கட்டிரட்டா?"

சீட்டாம். தீபாவளிக்கு மதுரை போகிற ஆம்னி பஸ் பாருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். "கட்டாதே" என்றேன். "இல்லக்கா, ரூம்மேட் கட்டிட்டான்" என்றான். அவனுக்கு அன்று ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு வருகிற பத்து போனில் எட்டு இதே மாதிரிதான். நான் பெங்களூர் ரிங் ரோட்டில் ஒரு கம்பெனியில், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் டீமில் எட்டு வருஷமாக இருக்கிறேன். வக்கீல் இல்லை. வக்கீல் கேட்கிற காகிதத்தை எல்லாம் உங்களிடமிருந்து பிடுங்கி வாங்குகிற ஆள்.

முதலில் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்பான்சர் விசாவில் முதல் விண்ணப்பதாரர் நீங்கள் இல்லை, கம்பெனி. "இந்த வேலைக்கு இந்த ஆள் வேண்டும், இவ்வளவு சம்பளம் தருவோம்" என்று கம்பெனி அந்த நாட்டு அரசாங்கத்திடம் முதலில் சொல்ல வேண்டும். அரசாங்கம் சரி என்ற பிறகுதான் உங்கள் பாஸ்போர்ட்டுக்கே வேலை வரும். அமெரிக்காவில் அந்த முதல் கட்டத்துக்குப் பெயர் பெட்டிஷன், பிரிட்டனில் சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப், சுருக்கமாக சி.ஓ.எஸ். ஜெர்மனியில் அந்த மாதிரி லைசென்ஸ் எல்லாம் கிடையாது, ஒப்பந்தமும் கம்பெனி நிரப்பித் தரும் ஒரு படிவமும் போதும். முதல் கட்டத்தில் நீங்கள் செய்யக்கூடியது கேட்ட காகிதத்தைக் கொடுப்பதும் காத்திருப்பதும்தான். அதனால் "எந்த நாட்டுக்குப் போகலாம்" என்று ஆரம்பிக்காமல், "எந்தக் கம்பெனி இதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது" என்று ஆரம்பியுங்கள்.

கம்பெனியைச் சோதிப்பது

பிரிட்டனுக்கு இது சுலபம். ஸ்பான்சர் லைசென்ஸ் உள்ள எல்லா நிறுவனங்களின் பட்டியலையும் பிரிட்டிஷ் அரசு தன் இணையதளத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறது, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ள ஒரு எக்செல் மாதிரி கோப்பு. இறக்கிக்கொண்டு தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் எந்த விசா வகை என்று போட்டிருக்கும், அதில் 'ஸ்கில்டு ஒர்க்கர்' இருக்க வேண்டும். அப்புறம் ஏ ரேட்டிங்கா பி ரேட்டிங்கா என்று பாருங்கள். பி என்றால் அரசாங்கம் அவர்கள் காதைத் திருகி வைத்திருக்கிறது என்று அர்த்தம், புதிய ஆளுக்கு அவர்களால் சர்டிபிகேட் கொடுக்க முடியாது. கடைப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் வேறு என்பதும் சகஜம், அதனால் ஆஃபர் லெட்டரின் அடியில் இருக்கும் பதிவு எண்ணை, பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். அத்தை மகனிடம் வந்த கம்பெனிப் பெயரைத் தேடினோம். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது! பையனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆனால் அது மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லம். ஜாவா எழுதத் தெரிந்த ஆள் அங்கே எதற்கு? யாரோ உண்மையான பெயரை எடுத்துப் போலி லெட்டர் அடித்திருக்கிறார்கள், மெயில் வந்ததோ ஜிமெயிலிலிருந்து. இன்னொரு விஷயம், முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. அதன் பிறகும் 'கேர் விசா' என்று யாராவது விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அமெரிக்காவுக்கு, தொழிலாளர் துறை கம்பெனிகள் தாக்கல் செய்த எல்.சி.ஏ. என்ற சம்பள உறுதிமொழி விவரங்களை, பதவி, ஊர், சம்பளத்தோடு வெளியிடுகிறது. குடியேற்றத் துறையும் எந்தக் கம்பெனிக்கு எத்தனை எச்-1பி, அதாவது வேலை விசா, கிடைத்தது என்று தனியாகப் போடுகிறது. பக்கத்து சீட்டுக்காரர் என்ன சம்பளத்தில் போனார் என்றுகூட ஏறத்தாழ ஊகித்துவிடலாம், எங்கள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்துப் பொழுதுபோக்கே அதுதான். ஜெர்மனியில் பட்டியல் இல்லை, ஆனால் அங்கே ஒவ்வொரு வணிக இணையதளத்திலும் 'இம்ப்ரெசும்' என்று ஒரு பக்கம் சட்டப்படி இருந்தாக வேண்டும். முகவரி, பொறுப்பாளர் பெயர், பதிவு எண் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கம் இல்லாத ஜெர்மன் கம்பெனியைச் சந்தேகிப்பதில் தவறே இல்லை.

யார் பணம் கட்டுவது? பிரிட்டனில் லைசென்ஸ் கட்டணம், சி.ஓ.எஸ். கட்டணம், இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் மூன்றும் கம்பெனியின் தலையில். ஸ்கில்டு ஒர்க்கரிடம் அதை வசூலித்தால் லைசென்ஸே போகும். அமெரிக்காவில் எச்-1பி பெட்டிஷனுக்கான பயிற்சிக் கட்டணம், 1,500 டாலரோ சின்னக் கம்பெனிக்கு 750 டாலரோ, அதை ஊழியரிடம் வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது. வக்கீல் செலவும் அப்படித்தான். அதாவது 'ஸ்பான்சர் செய்ய' உங்களிடம் காசு கேட்கிறவன் திருடன், இல்லையென்றால் லைசென்ஸை இழக்கத் தயாரான முட்டாள். இரண்டு பேரிடமும் வேலைக்குப் போக வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று இரண்டு நிமிஷத்தில் பார்க்கலாம். மூணு லட்சம் கேட்ட அந்த ஆபீஸ் அதில் இல்லை.

அமெரிக்கா

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இப்போதைக்கு எச்-1பி கிட்டத்தட்ட மூடின கதவு. வருஷத்துக்கு 65,000 விசா, அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. மார்ச் மாதம் கம்பெனி உங்கள் பாஸ்போர்ட் எண்ணை வைத்து 215 டாலர் கட்டிப் பதிவு செய்யும், பிறகு குலுக்கல். முன்பெல்லாம் ஒரே ஆளுக்கு நாலு கம்பெனி பதிவு செய்து நாலு சீட்டு போடுவார்கள். 2024 முதல் ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுதான், எத்தனை கம்பெனி பதிந்தாலும். 2026 பிப்ரவரி 27-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி சம்பள நிலையும் (ஒன்று குறைவு, நான்கு அதிகம்) சேர்ந்துகொண்டது. நான்காம் நிலைச் சம்பளக்காரர் பெயர் நாலு தடவை உள்ளே போகும், முதல் நிலைக்காரர் பெயர் ஒரே தடவை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் பிழைப்பது கஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேல், 2025 செப்டம்பர் 21-க்குப் பிறகு, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஆளுக்குப் புதிய எச்-1பி பெட்டிஷன் போட்டால் கம்பெனி 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்பின் பிரகடனம் வந்தது. பிரகடனத்தில் போட்டிருந்த காலம் 12 மாதம், நீட்டிக்கவும் இடம் உண்டு. அங்கேயே படித்துவிட்டு அங்கேயே விசா வகை மாறுகிறவருக்கு இது கிடையாது. பெல்லந்தூரில் இருக்கிற உங்களுக்கு உண்டு. உங்களுக்காக ஒரு கம்பெனி கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய் கட்டுமா என்று நீங்களே கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பெங்களூர்க்காரருக்கு வேறொரு பக்கவாசல் இருக்கிறது, அதை ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. மான்யதாவிலும் ஒயிட்ஃபீல்டிலும் ரிங் ரோடு நெடுகவும் நம்மாட்கள் பாதிப் பேர் வேலை பார்ப்பது ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சொந்த இந்திய ஆபீஸில். ஸ்பான்சர் உங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். எல்-1 என்பது கம்பெனிக்குள் இடமாற்றம். கடந்த 3 வருஷத்தில் தொடர்ந்து 1 வருஷம் அதே குழுமத்தில் வெளிநாட்டில், அதாவது இங்கே, வேலை பார்த்திருக்க வேண்டும். நீங்கள் மேலாளராகவோ, அந்தக் கம்பெனியின் தனிப்பட்ட தொழில்நுட்பம் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும். குலுக்கல் இல்லை, ஆண்டு உச்சவரம்பு இல்லை, அந்த 1 லட்சம் டாலரும் இல்லை. மேலாளருக்கு 7 வருஷம், நிபுணருக்கு 5 வருஷம் வரை. குறை என்னவென்றால் எல்-1-ஐ வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது, மாப்பிள்ளை வீட்டோடு இருக்கிற மாதிரி இருக்க வேண்டும். 'நிபுணர்' என்பதை நிரூபிப்பதும் லேசில்லை. "நான் ஜாவா நிபுணர்" என்றால் சிரிப்பார்கள். "எங்கள் கம்பெனியின் இந்த பில்லிங் சிஸ்டத்தை எழுதின ஆறு பேரில் நான் ஒருத்தன்" என்றால் கேட்பார்கள். உங்கள் மேனேஜரிடம் வருஷாந்திர அப்ரைசல் பேச்சிலேயே இதைச் சொல்லி வையுங்கள், விசா என்ற வார்த்தையில் ஆரம்பிக்காமல், அங்கே இருக்கும் டீமுக்கு உங்களால் என்ன ஆகும் என்பதில் ஆரம்பித்து.

இன்டர்வியூவுக்குப் பெங்களூரிலிருந்து சென்னை ஜெமினி மேம்பாலம் வரையோ ஹைதராபாத் மாதிரி வேறு ஊர் வரையோ போய்த்தான் ஆக வேண்டும். பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகத் திறப்பு விழா 2025 ஜனவரியில் நடந்தபோது எல்லாரும் குதித்தார்கள், ஆனால் விசா சேவை அதோடு வரவில்லை. கைரேகைக்கு ஒரு நாள், இன்டர்வியூவுக்கு ஒரு நாள். சென்னையில் சித்தப்பா வீடு இருந்தால் நல்லது. எச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 என்றால் 2025 டிசம்பர் 15 முதல் சமூக ஊடகக் கணக்குகளையும் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள், அதனால் பலருடைய தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. டிக்கெட் போட்டு, வீட்டைக் காலி செய்து, பிறகு தேதி தள்ளிப்போய் நடுத்தெருவில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

பிரிட்டன்

உண்மையான 'ஸ்பான்சர்' முறை என்றால் இதுதான், படிப்படியாகப் போகும், குலுக்கல் கிடையாது. வேலை பட்டப்படிப்பு நிலை வேலையாக இருக்க வேண்டும். சம்பளம் வருஷத்துக்குக் குறைந்தது 41,700 பவுண்டு, இதுவும் 2025 ஜூலை 22 முதல். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 41,700 அல்லது அந்தத் தொழிலுக்கு அரசாங்கம் நிர்ணயித்த 'கோயிங் ரேட்', எது அதிகமோ அது. மென்பொருள் எழுதுகிறவருக்கு அந்தத் தொகை 50,000-ஐத் தாண்டிவிடும். 43,000 பவுண்டு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு "வரம்பு தாண்டியாச்சே" என்று நிம்மதியாக இருந்தால் சி.ஓ.எஸ். போடும்போது மாட்டும். இளம் வயதுக்காரர், புதிதாகப் படிப்பு முடித்தவர் போன்றோருக்குத் தள்ளுபடி உண்டு, அது உங்களுக்குப் பொருந்துமா என்று கம்பெனி எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்தத் தொழில் குறியீட்டில் உங்களைப் போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். நாலு இலக்க எண் ஒன்று சொல்வார்கள். சொல்லத் தெரியாத எச்.ஆர். என்றால் உங்கள் தலையெழுத்து கொஞ்சம் சிக்கல்தான்.

சி.ஓ.எஸ். என்பது காகிதமே இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு எண். "சர்டிபிகேட்டை கூரியரில் அனுப்புகிறோம், ஹாலோகிராம் ஒட்டியது" என்று சொன்னால் அது மோசடி. அந்த எண் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஆங்கிலத் தேர்வு பற்றி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பையனை "ஐ.இ.எல்.டி.எஸ். எழுதிட்டு வா" என்று அனுப்பினேன். எழுதினான், நல்ல மார்க், எல்லாவற்றிலும் ஏழுக்கு மேல். செல்லாது என்று வந்தது. ஏனென்றால் விசாவுக்கு வேண்டியது 'ஐ.இ.எல்.டி.எஸ். ஃபார் யுகேவிஐ' என்கிற தனி வகை. அதே கேள்வித்தாள் பாணி, அதே மாதிரி ஹால், ஆனால் வேறு பதிவு, வேறு கட்டணம். அவன் மறுபடி பணம் கட்டி, மறுபடி எழுதினான். இன்றைக்கும் அவனைப் பார்க்கும்போது நான்தான் காபி வாங்கித் தருவேன். 2026 ஜனவரி 8 முதல் தேவைப்படும் நிலை பி2, அதாவது நான்கு பகுதியிலும் தலா 5.5. தேர்வே வேண்டாம் என்றால், உங்கள் பட்டப்படிப்பு ஆங்கில வழியில் நடந்தது என்று 'எக்டிஸ்' என்ற அமைப்பிடம் சான்று வாங்கலாம். கல்லூரி முதல்வர் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்த கடிதத்தை மட்டும் கொண்டு போனால் நடக்காது, எக்டிஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

காசநோய் பரிசோதனை, அதாவது நெஞ்சு எக்ஸ்ரே, 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிற இந்தியருக்குக் கட்டாயம், அதுவும் பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த மருத்துவமனையில்தான். தெருமுனை ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட் எடுபடாது. வங்கியில் 1,270 பவுண்டு 28 நாள் இருக்க வேண்டும், ஆனால் கம்பெனி சி.ஓ.எஸ்.ஸில் அதற்கான பெட்டியில் டிக் போட்டுவிட்டால் அது தேவையில்லை. டிக் போடச் சொல்லுங்கள்.

இப்போது தலை சுற்றும் விஷயம். சுகாதாரக் கூடுதல் கட்டணம், சுருக்கமாக ஐ.எச்.எஸ்., என்று ஒன்று இருக்கிறது, ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776. இதை எத்தனை வருஷ விசாவோ அத்தனை வருஷத்துக்கும் விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். 5 வருஷத்துக்குக் கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் 14,230 பவுண்டு. ஒரு பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தால் 16 லட்சத்தைத் தாண்டும். விசா கட்டணம் தனி. இதைக் கம்பெனி கட்டலாம், கட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆஃபர் பேசும்போது சம்பளத்தில் இரண்டாயிரம் பவுண்டு கூட்டிக் கேட்பதைவிட "குடும்பத்துக்கும் சேர்த்து ஐ.எச்.எஸ். நீங்களே கட்டுவீர்களா" என்று கேட்பது புத்திசாலித்தனம். கட்டுகிறோம் என்றால் அடுத்த வரியையும் படியுங்கள், இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். அது இருந்தால் தப்பில்லை, மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிற கணக்காக எழுதி வாங்குங்கள். முதல் ஆறு வருஷப் பையன்கள் யாரும் கேட்கவில்லை. ஏழாவது வருஷம் ஒரு பெண் கேட்டாள், உடனே மாற்றிக் கொடுத்தார்கள்.

ஜெர்மனி

மொழி பயத்தால் நம்மாட்கள் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். நான் முதலில் வைப்பேன். பட்டதாரிகளுக்கான வேலை விசாவான புளூ கார்டுக்கு ஜெர்மன் மொழிச் சான்று கேட்பதில்லை. 2026-க்கான சம்பள வரம்பு வருஷத்துக்கு 50,700 யூரோ, ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில்களுக்கும் படிப்பு முடித்து 3 வருஷம் ஆகாதவர்களுக்கும் 45,934.20 யூரோ. ஐ.டி. தட்டுப்பாட்டுத் தொழில்தான். கணவனோ மனைவியோ கூட வந்தால் அவர்களுக்கும் மொழிச் சான்று கேட்பதில்லை, போன உடனே வேலை பார்க்கலாம். அடிப்படை ஜெர்மன் (ஏ1) தெரிந்தால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை அட்டைக்குப் போடலாம், பி1 வரை படித்தால் 21 மாதம். இந்த 21 மாதத்துக்காகவாவது இந்திரா நகர் மேக்ஸ் முல்லர் பவனில் போய் உட்காருங்கள்.

பட்டம்தான் இங்கே சோதனை. வெளிநாட்டுப் பட்டங்களை ஒப்பிடும் 'அனபின்' என்ற ஜெர்மன் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் எச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உள்ளது, என்று இருக்க வேண்டும், உங்கள் பட்டமும் இணையானது என்று பதிவாகியிருக்க வேண்டும். நம்மாட்கள் காலேஜ் பெயரைத் தேடிவிட்டு "இல்லையே" என்று அழுவார்கள். காலேஜைத் தேடாதீர்கள். பட்டச் சான்றிதழில் மேலே பெரிய எழுத்தில் எந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதோ அதைத் தேடுங்கள், நாமக்கல் பக்கம் எந்தக் காலேஜில் படித்திருந்தாலும் பட்டம் கொடுத்தது அண்ணா பல்கலைக்கழகம் என்றால் அதுதான் கணக்கு. அங்கேயும் கிடைக்காவிட்டால் இசட்.ஏ.பி. என்ற அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். பட்டமே இல்லாத ஐ.டி. ஆள்கூட, கடந்த 7 வருஷத்தில் 3 வருஷ அனுபவம் காட்டினால் புளூ கார்டுக்குப் போகலாம், 2023 நவம்பரில் வந்த மாற்றம் இது. பி.எஸ்சி.யை அரியரோடு விட்டுவிட்டு நல்ல டெவலப்பராக இருக்கிற பிள்ளைகள் பெங்களூரில் எத்தனை பேர்!

ஒரு இடத்தில் மட்டும் தமிழ்நாட்டுக்காரர் இடறுவார். கர்நாடகத்தில் வசிக்கிறவருக்குப் பெங்களூர் தூதரகம், தமிழ்நாட்டில் வசிக்கிறவருக்குச் சென்னை. உங்கள் பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றிலும் விருதுநகர் முகவரி இருக்கும், நீங்களோ மாரத்தஹள்ளியில் இருப்பீர்கள். வாடகை ஒப்பந்தம், கம்பெனி கடிதம் என்று இங்கே வசிப்பதற்கான ஆதாரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், பி.ஜி. ஓனர் ஒப்பந்தம் போட மறுப்பார் என்பதால் இதை ஆரம்பத்திலேயே சொல்கிறேன்.

இனிஷியல் என்கிற தமிழ்ப் பிரச்சினை

என் மேஜைக்கு வருகிற கோப்புகளில் தாமதமாகிறவற்றைப் பார்த்தால் பாதிக்கு மேல் தமிழ்க் கோப்புகள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஒரு செந்தில்குமாரை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செந்தில்குமார் எம்.', பட்டத்தில் 'எம். செந்தில் குமார்' என்று நடுவில் இடைவெளி விட்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முருகேசன் சர்நேம் கட்டத்தில், முந்தைய கம்பெனி கடிதத்தில் 'செந்தில் முருகேசன்'. நமக்கு இது நாலும் ஒரே ஆள். பெர்லினில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு நாலு பேர். சிலருக்கு பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். அமெரிக்க விசா படிவத்தில் அப்படி இருந்தால் உங்கள் பெயர் சர்நேமுக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று வரும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள். பிறகு அங்கே பேங்க் முதல் பால்காரன் வரை உங்களை மிஸ்டர் எஃப்.என்.யு. என்று கூப்பிடுவார்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆஃபர் வருவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். லால்பாக் ரோடிலோ மாரத்தஹள்ளியிலோ இருக்கும் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ரீ-இஷ்யூ போட்டு, இனிஷியலை விரித்து, இரண்டு கட்டமும் நிரம்பும்படி வாங்கிவிடுங்கள். ஆஃபர் வந்த பிறகு மாற்றாதீர்கள். சி.ஓ.எஸ்.ஸும் எச்-1பி பதிவும் பாஸ்போர்ட் எண்ணில்தான் நிற்கின்றன, நடுவில் எண் மாறினால் கம்பெனி வக்கீல் என் கழுத்தைப் பிடிப்பார், நான் உங்கள் கழுத்தைப் பிடிப்பேன். சான்றிதழ்களில் இருக்கும் வித்தியாசத்துக்கு, இத்தனை பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட். இடைவெளி, இனிஷியல் முன்னா பின்னா, எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். நோட்டரி "இதெல்லாம் எதுக்கு மேடம்" என்பார், விடாதீர்கள்.

கல்யாணமானவர்கள் திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். மண்டப ரசீதும் பத்திரிகையும் ஆல்பமும் யாருக்கும் வேண்டாம். அனுபவக் கடிதத்தில் தேதியும் பதவியும் மட்டும் இருந்தால் பாதி உதவிதான், என்ன வேலை செய்தீர்கள் என்று நாலு வரி வேண்டும்; பழைய கம்பெனி எச்.ஆர். எழுதித் தரமாட்டேன் என்றால் பழைய மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள், கூடவே சம்பளச் சீட்டும் பி.எஃப். பாஸ்புக்கும் வையுங்கள்.

எப்போது ராஜினாமா

பெங்களூரின் சாபம் 90 நாள் நோட்டீஸ். விசா வந்த பிறகு ராஜினாமா கொடுத்தால் மூன்று மாதம் காத்திருக்கக் கம்பெனி தயாரா? முன்பே கொடுத்துவிட்டு விசா வராவிட்டால்? நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: முதல் கட்டம், அதாவது பெட்டிஷன் அப்ரூவலோ சி.ஓ.எஸ். எண்ணோ, கைக்கு வரும் வரை மேனேஜரிடம் வாய் திறக்காதீர்கள். சி.ஓ.எஸ்.ஸில் வேலை தொடங்கும் தேதியை எச்.ஆர். போடுவார், அந்தத் தேதிக்கு 3 மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது, அதனால் உங்கள் நோட்டீஸ் கணக்கை முதல் நாளே அவரிடம் சொல்லி, தள்ளிப் போடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியைப் போட்டுவிடுவார். வெளிநாட்டிலிருந்து பிரிட்டன் விண்ணப்பத்துக்கு வழக்கமாக 3 வாரத்தில் பதில் வந்துவிடுகிறது, ஆகவே விசா கைக்கு வந்த மறுநாள் ராஜினாமா, பாக்கி லீவைக் கழித்து, பணம் கட்டி நோட்டீஸில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் கிளம்பலாம். தொடங்கும் தேதி 28 நாள் வரை தள்ளினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, அதற்கு மேல் என்றால் கம்பெனி காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அத்தை மகன் பணம் கட்டவில்லை. ரூம்மேட்டுக்காக சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அன்றே போன் போட வைத்தேன், பணம் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. இவன் இப்போது சாயங்காலம் அனபினில் காலேஜ் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறான். பல்கலைக்கழகத்தைத் தேடுடா என்று நேற்றும் சொன்னேன்.